லிப்ட் மெக்கானிக் கற்ற ‘இஃப்’

லிப்ட் மெக்கானிக்குக் கற்பனை என்றாலே ஆகாது. தொழில் அப்படி. இருட்டுக் குழிக்குள், லிப்ட் கூரைமேல் நின்று கிரீஸ் தடவுகிறவர் ‘கயிறு அறுந்தால்’ என்று யோசித்தால் பிழைப்பு நடக்குமா? மெக்கானிக் கூட்டத்தில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். எவனாவது உளறிவிட்டால் எல்லோரும் கீழே இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்கள்.

இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. ஏணி ஏறினால் உயிர் போய் உயிர் வருகிறது. கம்பெனியில் மேற்பார்வையாளர் நாற்காலி ஒன்று காலி. அது கிடைக்காவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். கிடைக்க வேண்டுமானால் இங்கிலீஷில் நேர்காணல். மனைவி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

ஒருநாள் ‘இஃப்’ போட்டு, நடக்காததை நடந்ததாக வைத்துப் பேசும் பாடம் வந்தது. நான் பறவையானால், நான் ராஜாவானால் என்று ஆளுக்கொன்று அவிழ்த்துவிட்டார்கள். இவருக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று டீச்சர் கேட்டார்: “லிப்ட் கயிறு அறுந்துட்டா நீங்க என்ன செய்வீங்க?”

“டீச்சரம்மா, முதல்ல வாயைக் கழுவுங்க!”

பாவம், டீச்சர் முகம் சுண்டிப்போனது. இவர் பதறிப்போய்த் தொழில் வழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, நல்லதாவே நினைங்க. என்ன நடந்தா உங்களுக்கு சந்தோஷம்?”

அவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. வீடு வரும்வரை யோசித்தார். குழிக்குள் கயிறு சீராக ஓடும் சத்தம் நினைவுக்கு வந்தது. இனி அது கேட்காதே என்று முட்டியைத் தடவிக்கொண்டார்.

நேர்காணலில் பெரிய அதிகாரி, இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டார். புது முட்டி இருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார் மனுஷன். அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

அன்று மாலை முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தபடி கதை கேட்ட மனைவியும் சிரித்தாள். பிறகு அவள் கை நின்றுவிட்டது.

“அப்போ நிஜமாவே அந்த வேலைதான் பிடிச்சிருந்ததா? விட்டுத் தொலைங்கன்னு தினம் கரிச்சுக் கொட்டினேனே!”

“ம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”