கொடுக்காத விடுப்பு

என் மனைவியின் தங்கை, மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்து தரும் ஓர் ஆலையில் பத்தொன்பது வருடம், ஈரத் துணியை உலர்த்தித் தேய்க்கும் ஆவி உருளையில் நின்றவள். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைக்குள் செலுத்த வேண்டும். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் வேலை ஓடாது. அவள் முன்கை இரண்டிலும் சூட்டுத் தழும்புகள் உண்டு. கைதான் வெந்ததே தவிர, வாய் வாடியதில்லை. கணவர் போன பிறகு ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததும் அந்த உருளையை நம்பித்தான்.

மேலாளருக்கு உருளைக்காரிகள் வைத்த பெயர் ‘அப்புறம் சார்’. எப்போது விடுப்புக் கேட்டாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பாராம். விடுப்புப் படிவம் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். முதலில் வாயால் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால்தான் படிவம் வெளியே வரும். ஆக, கொடுத்த விடுப்புக்குத் தாள் உண்டு, மறுத்த விடுப்புக்குக் கிடையாது. ஆயுள் முழுக்க வருகைப் பதிவு எழுதியவன் நான். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயாகவே ஒரு தாளில் எழுதிக் கொடு என்று பலமுறை சொன்னேன்.

“எழுதிக் குடுத்தா மட்டும் அந்தாளுக்குக் காது வளந்துடுமா அத்தான்?” என்று சிரித்துவிடுவாள்.

மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருந்த ஊர் ஒரு நாள் ரயில் பயணம். கூடவே இருந்து பிள்ளையையும் வளர்த்துக் கொடுக்கலாம் என்று இவள் வேலையை விட முடிவு செய்து, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தாள். மருத்துவர் குறித்த நாள் அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில் வந்தது. சேர்ந்து கிடக்கும் விடுப்பைக் கடைசி இரண்டு வாரத்தில் கழித்துக்கொண்டு கிளம்பு என்று நான்தான் சொன்னேன். ஆண்டு விடுப்பு யாரும் போடும் பிச்சையில்லை. உழைக்க உழைக்கச் சேரும் கூலி. வேலையை விடும்போது மிச்சத்தை நாளாகக் கொடுக்க வேண்டும், அல்லது பணமாகக் கொடுக்க வேண்டும்.

மேலாளர் இரண்டையும் மறுத்தார். முன்னறிவிப்பு மாதத்தில் விடுப்பே கிடையாதாம். பழையதெல்லாம் அவள் விண்ணப்பிக்காததால் காலாவதியாகிவிட்டதாம். நடுவில் போனால் ஓடிப்போனதாக எழுதிப் பணிக்கொடையை நிறுத்துவாராம். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டவன், நீ ஏன் வெளியே போகவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

பணிக்கொடை, கல்யாணக் கடனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பணம். அவள் போகவில்லை.

குழந்தை ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. சேதி சொல்ல ஆலை வாசலுக்குப் போனேன். காவலாளி உள்ளே விடாததால், இடைவேளை வரை நின்றேன். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம் என்றேன்.

“அவ என்னைக் கேட்டாளா?”

கேட்டாள் என்றேன். மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

கடைசி நாளன்று ஆலை உணவுக்கூடத்தில் வழியனுப்பு விழா. நானும் என் மனைவியும் போயிருந்தோம். மேலாளர் சுவர்க் கடிகாரம் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

“இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கங்க. இத்தன வருஷத்துல ஒரு நாள் லீவு எடுத்ததில்ல.”

கை தட்டினார்கள். தட்டி ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

“எடுக்கலன்னு சொல்லாதீங்க சார். குடுக்கலன்னு சொல்லுங்க.”

தாள் எங்கேம்மா என்று மேலாளர் சிரித்தார். அப்போது, அவளோடு உருளையில் ஜோடியாக நிற்பவள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“தாள் எதுக்கு சார்? இவ கேட்டப்பல்லாம் விரிப்போட மறுமுனையில நான்தான நின்னேன்? நீங்க சொன்னதும் என் காதுல விழுந்துச்சு.”

அன்று மாலையே அவள் ரயிலேறினாள். அவள் போய்ப் பார்த்தபோது பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்திருந்தது.

ஜோடிக்காரி மறுநாள் என்னோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மாதம் இழுத்தடித்து, விடுப்புப் பணத்தைக் கொடுத்தார்கள். அதோடு வந்த கடிதத்தில் ‘நிர்வாகம் மனமுவந்து வழங்கும் சலுகை’ என்று எழுதியிருந்தது. அதே வாரம் ஜோடிக்காரியை உருளையிலிருந்து எடுத்து, ஈரத் துணி மூட்டை சுமக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள்.

அதை எதிர்த்து நேற்று மனுக் கொடுத்தோம். இந்த முறை சாட்சி சொல்ல, ரயிலில் வருகிறாள் என் மனைவியின் தங்கை.