உட்காரவைத்து எண்ணிய நாடி

நங்கையாளின் மணிக்கட்டு அன்று ஈரமாக இருந்தது. மாட்டின் குளம்பைக் கழுவிய பெர்மாங்கனேட் தண்ணீர் நகக்கண்களில் கறையாகப் படிந்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னதும், எனக்கோ ஒரே உற்சாகம். அடுப்பங்கரை வாசலில் உட்காரவைத்து, பி.யு.சி. தேறியதற்கு அண்ணன் வாங்கித் தந்த கைக்கடியாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். அரை நிமிடம்கூட நிறையவில்லை. "கஞ்சி பொங்குது அம்மிணி, வுடு" என்று கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டாள். எண்ணியதை இரண்டால் பெருக்கி நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்தக் கஞ்சியும் அவளுக்கில்லை. வாய்ப்புண்ணால் சோளத்தட்டுக் கடிக்க முடியாமல் கிடந்த செவலைக் காளைக்கு.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் தோட்டத்தில் கோமாரி புகுந்த வருசம் அது. சேலத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு காளைகளும் குளம்பு வெடித்து எழ முடியாமல் படுத்திருந்தன. காளை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை நின்றுபோயிற்று. அப்போதுதான் நட்ட மிளகாய் நாற்று வாடியது. ஏழு மாதக் கர்ப்பிணியான நங்கையாள் கிணற்றுப் படியில் இறங்கி, குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அண்ணனும் ஊற்றினான். நான் இரண்டு நாள் ஊற்றிவிட்டு, கை கொப்பளித்ததும் புத்தகத்தோடு ஒதுங்கிக்கொண்டேன். மாசமாக இருப்பவள் குனிந்து நிமிர்ந்தால்தான் சுகப்பிரசவம் என்று ஊரே சொன்னது. "செவலைக்குக் காலுல புண்ணு, படுத்துக்குது. எனக்குக் காலு நல்லாத்தானே இருக்குது?" என்று அவளே சிரித்தாள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் கிடந்ததையும் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் அதைக் கதையாகக் கேட்டுக்கொண்டேன்.

கோமாரி வந்த தோட்டத்து வாசல் படலில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. வீட்டாள் வேறு வீட்டு மாட்டுக் கட்டுத்தரையை மிதிக்கக்கூடாது. கட்டுச்சோறு கொண்டுவந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியவர்களுக்குக்கூட, நோய் இறங்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம். ஊருக்கு இது வழக்கம், எனக்கு விஞ்ஞானம். செருப்பிலும் சைக்கிள் டயரிலும் கிருமி போகும் என்று படித்திருந்தேனே! படலுக்கு நானே காவல்.

குளம்பு ஆறியதும் மாட்டு டாக்டர் வந்தார். பூட்ஸை மருந்துத் தண்ணீரில் நனைத்த பிறகுதான் அவரையே உள்ளே விட்டேன். "இனி கவலையில பூட்டலாமுங்களா?" என்று அண்ணன் கேட்டான். அவர் செவலையைக் களத்தைச் சுற்றி மூன்று முறை நடத்தச் சொன்னார். அது நாக்கைத் தள்ளி இளைத்துக்கொண்டு வந்து நின்றதும் விலாவில் குழாயை வைத்துக் கேட்டார். "நிக்கற மாட்டுல என்னங்க தெரியும்? நடந்துட்டு வந்தாத்தான் நெஞ்சு உண்மையைச் சொல்லும். சீக்கு நெஞ்சுல எறங்கியிருக்குதுங்க. மூணு மாசத்துக்கு நுகத்தடி வெக்காதீங்க, பொட்டுனு போயிரும்." தண்ணீர்க் குடத்தோடு களத்தைத் தாண்டிப் போன நங்கையாளும் அதைக் கேட்டாள். "அப்ப இன்னும் மூணு மாசத்துக்கு நாந்தானா செவலை?" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்தார். படலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்களாமே, ஒரெட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன் சாமி" என்றார். அடுத்து எத்தனை மாட்டுக்கார வீடுகளுக்குப் போவாரோ என்றுதான் எனக்குப் பட்டது. "மாசமா இருந்தா இதயம் வேகமாத்தானுங்க அடிக்கும். நானே எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருக்குது" என்றேன். நோட்டைக்கூடக் காட்டினேன். அவர் படலில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

அதற்கு நான்காம் நாள் காலை, கிணற்று மேல்படியில் குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தவள் எழவில்லை. உதட்டில் நீலம் பாரித்திருந்தது. வண்டியில் பூட்டச் சோடி மாடில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடினோம். யாரோ ஒரு லாரிக்காரர் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. பழைய மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கியிருக்க வேண்டும், சும்மா இருக்கும்போது தெரியாது, உடம்பு இரண்டாகி, சுமையும் ஏறினால் தாங்காது என்றார் டாக்டர். "யாரும் பாக்கலியா?" என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவலை பிழைத்தது. வெயில் ஏறினால் இளைக்கும், நிழலில் கட்டுவோம். பல வருசம் இருந்தது.

இப்போது என் அக்கா மகள் மாசமாக இருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், மாடியேறினால் மூச்சு வாங்குகிறது சித்தி என்றாள். மணிக்கட்டை நான் தொடவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சிரித்தார். நடக்கவிட்டுப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பெண் கூச்சத்தோடு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல்கள் உலர்ந்து, சுத்தமாக இருந்தன. அன்று நான் எண்ணாமல் பெருக்கிப் போட்டுக்கொண்ட அந்த இன்னொரு அரை நிமிடத்தில், ஈரக்கையோடு எழுந்து போன நங்கையாள் கஞ்சிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.