சப்தமியன்று வடித்த கஞ்சி

எங்கள் பவானிபூர் தெருவின் பூஜைக் கமிட்டியில் ஒரே தமிழச்சி நான்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

இங்கே துர்கா பூஜைக்கு ஒவ்வொரு தெருவும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மூங்கிலிலும் துணியிலும் அதைப் பந்தலாகக் கட்டும். அந்த வருடம் நாங்கள் எடுத்தது இரண்டாம் உலகப் போர். ரஷ்யப் பனி, ஆப்பிரிக்கப் பாலைவனம், பர்மாக் காடு, ஐரோப்பாவின் வதை முகாம்கள், குண்டில் கருகிய ஜப்பானிய நகரங்கள், எல்லாவற்றையும் கடந்து போனால் துர்கை. செயலாளர் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

அந்த வாரம் பக்கத்து வீட்டு மாஷிமாவுக்கு, தெருவுக்கே சித்தி முறையானவருக்கு, வயிறு சரியில்லை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியும் தனியாக வாழ்கிறவர், யாருக்கும் அடங்காத மனுஷி. மீன்காரன்கூட அவரிடம் வாய் கொடுக்க மாட்டான். எங்கள் வீட்டில் வயிற்றுக் கோளாறு என்றால் சோறு வடித்த கஞ்சியில் மோரும் உப்பும் கலந்து ஒரு டம்ளர் குடிப்போம். அதைக் கொண்டுபோய் நீட்டினேன். மாஷிமா முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரை என் கையிலேயே திணித்தார்.

"இந்த வீட்டுக்குள்ளே ஃபேன் வராது, பௌமா."

ஃபேன் என்றால் வடித்த கஞ்சி, பௌமா என்றால் மருமகள். அவர் வீட்டில் சோற்றை வடிப்பதே இல்லை, தண்ணீரைச் சுண்டவிட்டுத்தான் இறக்குவார். வடிக்கச் சோம்பேறித்தனமா என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் காரணம் சொன்னார்.

"எங்க ஊர் மேதினிபூர் பக்கம். ஜப்பான்காரன் வந்துடுவான்னு சர்க்கார் அப்பாவோட படகைப் பிடுங்கிட்டுது. வயலைப் புயல் கொண்டுபோச்சு. இருந்த அரிசி பட்டாளத்துக்கும் பதுக்கினவனுக்கும் போச்சு. நாப்பத்திமூணு பஞ்சத்திலே அம்மாவும் நானும் தம்பியும் நடந்தே இங்கே வந்தோம். அரிசி கேட்டா யார் தருவா? 'ஃபேன் தாவ் மா'ன்னுதான் இந்தத் தெருவிலே வீடு வீடா கத்தினோம். நீங்க சாக்கடையிலே கொட்டுறதைத்தான் கேட்டோம். முனை வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அந்தப் படியிலேயே தம்பி போயிட்டான்."

பிறகு அம்மாவும் இறந்துபோய், அநாதை விடுதியில் வளர்ந்து, சம்பாதித்து, பிடிவாதமாக இதே தெருவில் வீடு வாங்கியிருக்கிறார்.

"உங்க பந்தல்லே ரஷ்யா வரைக்கும் இருக்காமே. என் தம்பிக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார்.

டம்ளரோடு எழுந்தேன். நேரே கமிட்டிக்குப் போய், எந்த வீடு என்பதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பௌதி, பூஜை நேரத்திலே யார் அழ வருவாங்க?" என்றார் என்னை அண்ணியாக்கிக் கூப்பிடும் செயலாளர்.

விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டேன். "ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் விளக்குப் போடுறீங்க. நம்ம வாசல்லே விழுந்த சாவு மட்டும் கசக்குதா?"

எந்த வாசல் என்று யாரோ கேட்டார்கள். கோபத்தில் சொல்லிவிட்டேன். முனை வீடு செயலாளருடைய வீடு, அவருடைய தாத்தா கட்டியது. அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பந்தலே நின்றுவிடும் என்று பயந்தேன்.

மறுநாள் காலையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "எங்க பழைய வாசக்கதவு பின்கட்டிலே கிடக்கு. அதையே பந்தல்லே வைப்போம்," என்றார்.

அப்படியே வைத்தோம். போர்முனைகளையெல்லாம் தாண்டி, துர்கைக்கு முன்னால், சாத்திய அந்தக் கதவு. அதன் படியில் இரண்டு மண்சட்டிகள், காலியாக. அஷ்டமியன்று பல வீடுகளில் சோறு கிடையாது, லுச்சி என்னும் மைதா பூரிதான். அதனால் அந்தச் சட்டிகளில் கஞ்சி ஊற்றச் சப்தமி மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தோம். தெருவில் எந்த வீட்டிலும் அன்றைக்குக் கஞ்சியைக் கொட்டக் கூடாது என்று படியேறிப் படியேறிச் சொல்லி வைத்தேன்.

சப்தமியன்று மாஷிமா நல்ல வெள்ளைப் புடவை கட்டி, என் கையைத் தட்டிவிட்டுத் தானாகவே நடந்து வந்து படியில் உட்கார்ந்தார். டாக் மேளம் சட்டென்று நின்றது. கதவு உள்ளேயிருந்து திறந்தது. பாத்திரத்தோடு முதலில் வந்த செயலாளரின் மனைவி ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றினார். அவருக்குப் பின்னால் தெருவின் அத்தனை வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு நின்றார்கள். பந்தல் பார்க்க வந்த கூட்டம் கயிற்றுக்கு வெளியே முண்டியடித்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன், ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில்.

மாஷிமா தன் சட்டியைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"உப்பு போதலை," என்றார்.

பிறகு இரண்டாவது சட்டியைச் செயலாளரின் மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இவனுக்கு நிறைய ஊத்து. சின்னப் பையன், ரொம்ப நேரமா நிக்கிறான்."