நோ ப்ராப்ளம் சொன்ன வெள்ளிக்கிழமை

போன வாரத்துக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம். மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் அலுவலகப் பேட்டை. அதில் ஒன்றின் முதல் மாடியில் என் மேஜை. மேலாளர் ஹெலன் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

“நோ ப்ராப்ளம்.”

அந்த இரண்டு சொற்களைத் திரும்பப் பெற எனக்கு ஆறு நாள் ஆனது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மெல்பர்னில் சிவில் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். படிப்பின் பகுதியாகப் பன்னிரண்டு வாரம் ஒரு கம்பெனியில் வேலை செய்தாக வேண்டும். பிளேஸ்மென்ட். அது இல்லையென்றால் டிகிரி இல்லை. எனக்குக் கிடைத்தது, புதிதாக வரும் குடியிருப்புகளுக்கு மழைநீர் வடிகால் வரைபடம் போடும் கம்பெனி. எந்தத் தெருவில் விழும் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகும் — நாள் முழுக்க அதே சிந்தனை. சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு வரவில்லை.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு ஓர் எல்லை உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் பதினான்கு நாளைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்தான் வேலை. ஆனால் படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்யும் வேலை இதில் சேராது. அதனால்தான் பன்னிரண்டு வாரமும் திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனி, சனி ஞாயிறு டான்டினாங்கில் வசந்தி அன்ரியின் மளிகைக் கடை என்று ஓட முடிந்தது. கடை நேரம் மட்டும்தான் கணக்கு. வாரத்துக்குப் பதினாறு. எல்லைக்குள்தான். பயமில்லை.

பன்னிரண்டாவது வாரத்தின் கடைசி நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

ஹெலன் கேட்டது இதுதான். நான் போட்டுக்கொண்டிருந்த வரைபடங்கள் க்ளையன்ட்டுக்குப் போக இன்னும் நான்கு வாரம் ஆகும். அதுவரை இதே மாதிரி ஐந்து நாளும் தொடர்ந்து வர முடியுமா? இனிச் சம்பளம் கம்பெனிக் கணக்கில் முறைப்படி வரும். உனக்கு இது சரிப்படுமா?

நான் எத்தனை கம்பெனிகளுக்கு விண்ணப்பித்து, ‘உள்ளூர் அனுபவம் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வாங்கியிருக்கிறேன் தெரியுமா? இப்போது ஒரு கம்பெனி தானாக வந்து ‘இரு’ என்கிறது. டிசம்பருக்குள் அங்கே ஒரு ஜூனியர் இடம் காலியாகப் போகிறது என்பதும் என் காதில் விழுந்திருந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. யோசிக்காததால் தெரியவில்லை.

திங்கள் போனேன். செவ்வாய் போனேன். புதனும் போனேன். புதன் சாயங்காலம் நான்கு மணிக்கு, பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய பிளேஸ்மென்ட் பதிவேட்டைத் திறந்தேன். நாள், நேரம், செய்த வேலை, ஹெலன் கையெழுத்து — வாரம் வாரமாக நிரப்பியது. பழக்க தோஷத்தில் திங்கள்கிழமைக்கான எட்டு மணி நேரத்தை எழுதப் போனேன்.

எழுத வரி இல்லை. பன்னிரண்டாவது வாரத்தோடு படிவம் முடிந்துவிட்டது.

அப்படியானால்... இந்த மூன்று நாள் எதில் சேரும்?

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான உதவிப் பிரிவு ஐந்து மணிக்கு மூடும். படிக்கட்டில் நின்று போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார். பதிவு செய்த பிளேஸ்மென்ட் நேரம் முடிந்த நிமிடத்திலிருந்து, அதே மேஜை, அதே கணினி, அதே வரைபடமாக இருந்தாலும் அது சாதாரண வேலைதான். வகுப்பு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எனவே திங்கள் முதல் ஒவ்வொரு மணி நேரமும் நாற்பத்தெட்டில் சேரும்.

சரி, திங்களிலிருந்து புதிய பதினான்கு நாள் தொடங்குகிறது, அவ்வளவுதானே என்றேன். அங்கேதான் அவர் இரண்டாவது கல்லைப் போட்டார். அப்படி இல்லையாம். எந்தத் திங்களிலிருந்து எண்ணினாலும், அந்தப் பதினான்கு நாளில் நாற்பத்தெட்டைத் தாண்டக்கூடாது. அதாவது போன வாரமும் இந்த வாரமும் சேர்ந்தும் ஒரு பதினான்கு நாள். இந்த வாரமும் அடுத்த வாரமும் சேர்ந்து இன்னொன்று.

போன வாரம் கடையில் பதினாறு. இந்த வாரம் கம்பெனியில் மூன்று நாள், இருபத்துநான்கு. மொத்தம் நாற்பது. ஞாயிறு வரை எனக்கு மிச்சம் எட்டு மணி நேரம். ஒரே ஒரு நாள்.

நான் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் வியாழன், வெள்ளி கம்பெனி, சனி, ஞாயிறு கடை என்று வாக்குக் கொடுத்தபடி நடந்தால் தாண்டியிருப்பேன். விசா போனால் டிகிரி போகும். டிகிரி போனால் அந்த நாற்காலி?

வீட்டுக்கு வந்தேன். நாங்கள் இருப்பது ஸ்ப்ரிங்வேலில் ஒரு பகிர்வு வீடு. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். யார் என்றைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று ஆளுக்கொரு நிறப் பேனாவில் எழுதி வைப்போம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பே ஸ்லிப் வரும் நாளில் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு நாற்பத்தெட்டைத் தாண்டக்கூடாது. மெல்பர்னில் பாதி மாணவர் வீடுகளில் இதுதான் முறை. யார் சொல்லிக் கொடுத்தது? தெரியாது. முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு யாரோ.

அறைத்தோழன் பிரபு, மதுரைக்காரன், ஐடி படிக்கிறான். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

“டேய், போன வாரத்தோட கோடு போட்டாச்சுடா. இந்த வாரம் ஃப்ரெஷ்ஷா நாப்பத்தெட்டு இருக்கு. நீ ஏன் பழசக் கிளறுற?”

“கோடு நாம போட்டதுடா. பே ஸ்லிப்புக்காக.”

“சரி விடு. கடையில கைக்காசா வாங்கிக்கோ. ஸ்லிப்பே வராது. யாருக்குத் தெரியப் போகுது?”

“அன்ரிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். அதுவே மூணு பேராச்சு.”

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பிரபு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று தன் பச்சைப் பேனா எண்களை, கோட்டைத் தாண்டி, விரலால் கூட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

இதில் என்னை உறுத்தியது விசா மட்டும் இல்லை. வந்த புதிதில் என் விசாக் கடிதத்தை வரி விடாமல் படித்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ரேஷன் கார்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, கையெழுத்துக்கு முன்னால் அப்பா என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். படித்துச் சொல்லத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள் என்றே சொல்லலாம். அப்படிப்பட்டவன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இரண்டு வருடமாக ஃப்ரிட்ஜ் கதவை நம்பியிருக்கிறேன்.

அந்த ‘நோ ப்ராப்ளம்’ எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கட்டட வேலை. சாயங்காலம் மேஸ்திரி, நாளைக்கு வர்றியா என்பார். அதற்கு ஒரே பதில்தான். வர்றேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த மாடி — இதையெல்லாம் கேட்டால் மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். வேலை தருகிறவரிடம் திருப்பிக் கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. நான் அதே பதிலை மல்கிரேவில், டை கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நம்மில் எத்தனை பேர் இப்படி? ‘பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேனே’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. சொன்னால் யாரும் அடிப்பதில்லை. ஆனால் வாய் திறந்ததும் வருவது என்னவோ அந்த இரண்டு சொற்கள்தான்.

மிச்சமிருக்கும் எட்டு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது? கடையில் சனிக்கிழமை சரக்கு லாரி வரும் நாள். கம்பெனியில் பாதியில் நிற்கும் வரைபடம். குழப்பியது கம்பெனியில். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். வியாழன் கம்பெனிக்கு என்று முடிவு செய்தேன்.

காலை எட்டரைக்கு ஹெலன் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். விதி என்ன, என்னிடம் மிச்சம் எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு. குரல் நடுங்கினாலும் தாள் நடுங்காது என்று நினைத்தேன். அதை அவரிடம் நீட்டினேன்.

ஹெலன் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தாளை மெதுவாகப் படித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை நான் கேட்டேனே, கதிர்? நீ சொன்னதை நம்பித்தான் க்ளையன்ட்டுக்குத் தேதி கொடுத்தேன்” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் விசா, என் வேலை என்று என் பக்கத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன். என் ஒரு வார்த்தையை வைத்து இன்னொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது” என்றேன். இன்று முழுக்க இருந்து எல்லாவற்றையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்றும், அடுத்த வாரம் இரண்டு நாள் வரலாம், ஐந்து வாரத்தில் வகுப்பு முடிந்ததும் இந்த எல்லை இருக்காது என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. எப்படி என்று எனக்கே தெரியாது.

ஹெலன் வரைபடங்களை டேனியலுக்கு மாற்றினார். எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் பையன். என்னைவிட ஒரு வருடம் சீனியர். அந்த ஜூனியர் நாற்காலிக்கு அவனும் கண் வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு குழாயையும் அவனுக்குக் காட்டினேன். எங்கே சரிவு போதவில்லை, எங்கே கேஸ் குழாய் குறுக்கே வருகிறது, எதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. ஐந்து மணிக்கு என் தெருக்கள் எல்லாம் அவன் திரையில் இருந்தன. வயிறு எரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

கிளம்பும்போது ஹெலன் சொன்னது இவ்வளவுதான். அடுத்த வாரம் செவ்வாய், புதன் வா. மற்றதை வகுப்பு முடிந்ததும் பார்க்கலாம்.

தமிழில் ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பரவாயில்லை. செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் கையில் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் ஐந்து நாள் ஆளைவிட நன்றாகச் செய்து காட்டுவது என் பாடு.

வசந்தி அன்ரிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பல வருடமாகக் கடை நடத்துகிறவர். இந்த வாரமும் அடுத்த வாரமும் வர முடியாது என்றதும், நல்ல நாள் பார்த்துத்தான் சொல்லுறீர், சனிக்கிழமை லொறி வரேக்க ஆர் அரிசி மூட்டை இறக்கிறது, நானோ என்று ஆரம்பித்தார். காரணத்தைச் சொன்னேன்.

“ஏன் தம்பி, உந்தக் கணக்கை முதலே பார்க்கேல்லையோ? பெரிய இஞ்சினியர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறீர்.”

“மன்னிச்சிருங்க அன்ரி.”

“சரி, சரி. மகனை எழுப்பிறன். அவனும் ஒருக்கா மூட்டை தூக்கிப் பார்க்கட்டும்.”

இனி எங்கள் காலண்டரில் கோடு கிடையாது. நானும் பிரபுவும் சேர்ந்து ஒவ்வொரு திங்களுக்கும் முன்னும் பின்னும் கூட்டிப் பார்க்கிறோம். இந்தப் பத்தி எழுதும் நேரம் வேலையில் சேருமா என்றுகூட இதழாசிரியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. இந்த முறை கேட்காமல் விடுவதாக இல்லை.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். வேலைக்கு இல்லை. வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது. முன்வாசலில் வயதான ஒருவர் அடுக்கின் அடியிலிருந்த பத்துக் கிலோ அரிசிப் பையை இழுத்துக்கொண்டிருந்தார். என் கை தானாக நீண்டது.

“தம்பி, அதைத் தொடாதையும்” என்று கல்லாவிலிருந்து அன்ரியின் குரல். “இந்தக் கிழமைக்கு உமக்கு நாப்பத்தெட்டும் முடிஞ்சுது.”

பெரியவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன், இடுப்புப் பிடிப்போ?”

“இல்ல அங்கிள். விசா.”

“ஓமோம்” என்றார். வேறு ஒரு கேள்வி இல்லை. பையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நானும் இந்த நாட்டில் பல வேலை செய்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு அவர் போவதைப் பார்த்து நின்றேனே, அந்த ஒரு நிமிடம்தான் எல்லாவற்றிலும் கடினம்.