சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கோப்பை

சூளகிரியில் ஒரு குடோனில் ஞாயிறுதோறும் கார் பந்தயம் விடுவோம். உள்ளங்கை அகலப் பழைய மாடல் கார்கள். மரப்பாதையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டில் ஓடும். அடிச்சட்டமான சேஸிஸைப் பித்தளைத் தகட்டிலும் கம்பியிலும் அவரவர் கையாலேயே பற்றவைக்க வேண்டும். விளையாடுவதெல்லாம் நரைத்த தலைகள்தான்.

அங்கே ஒருவர் வருவார். ஓசூரில் ஏதோ கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமையும் சேஃப்டி ஷூ போட்டிருப்பார். துளி மேடுபள்ளம் இல்லாத ஒரு கிரானைட் பலகையைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருவார். எந்த சேஸிஸைக் கண்டாலும் அதன்மேல் வைத்து, மூலையை விரலால் அழுத்துவார். ஆடாவிட்டால் பச்சை ஸ்டிக்கர், ஆடினால் சிவப்பு.

ஒருநாள் அவர் காரே முதலில் வந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் சேஸிஸைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டார். மயிரிழை ஆடியது. முகம் தொங்கிப்போய்ச் சிவப்பை ஒட்டினார்.

"ஜெயிச்ச வண்டிங்க சார் அது!" என்றேன்.

"ஜெயிச்சுதுங்க. பாஸ் ஆகலீங்களே?"

கடைசியாக வந்த என் காரை வாங்கி, அதன் சேஸிஸையும் கல்லில் வைத்தார். அது அசையவே இல்லை. பச்சையை ஒட்டி, தான் ஜெயித்த கோப்பையையும் என் கையில் திணித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கினார்; கல்லில் வைத்து விளிம்பை அழுத்தினார். ஆடியது.

இப்போது அது சிவப்பு ஸ்டிக்கரோடு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆடாமலிருக்க அடியில் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன்.