யோகராஜாவும் தண்டவாளத்து இலைகளும்

ஒக்டோபர் கடைசியில் குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிவைத்த நாளிலிருந்து யோகராஜா அண்ணைக்கு வாய் ஓயாது. "இதென்ன கோதாரி நாடு! பின்னேரத் தேத்தண்ணி குடிக்க முன்னம் இருட்டிப்போகுது" என்பார். காயப்போட்ட சட்டை காய்வதே இல்லையென்று ஏசுவார். லண்டன் எட்மண்டனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்திருந்த வாடகை வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சணம். நாங்கள் சோறு அவிக்கிற ஆவியால்தான் சுவர் ஈரிக்கிறது என்பது வெள்ளைக்கார வீட்டுக்காரரின் கண்டுபிடிப்பு. அதைக் கேட்டால் அண்ணை துள்ளுவார். "அப்ப அவை உருளைக்கிழங்கு அவிச்சால் ஆவி வராதோ?"

வாய்தான் அப்படி. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்த மனிதர், ஒருவருக்கும் ஒரு தீங்கு நினைக்காதவர். அளவெட்டியில் அவருடைய வீட்டை ஆமிக்காரர் அவர் கண்ணுக்கு முன்னாலேயே எரித்தார்கள். மனைவி அருமைநாயகியையும் மகளையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டு இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். அது ஒருமுறை தள்ளுபடியாகி, 1994இல் அப்பீலில் நின்றது. அப்பீல் வென்றால்தான் அவர்கள் இருவரையும் கூப்பிடலாம். அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

வேலை, அப்டன் பார்க்கில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில். முதலாளி செபஸ்தியாம்பிள்ளை எழுபதுகளிலேயே வந்தவர், காரை விட்டு இறங்கி ரெயில் ஏறியறியாதவர். வேலை கேட்டுப்போன அன்று அண்ணை வீடு எரிந்த கதையைச் சொல்லத் தொடங்க, முதலாளி பாதியிலேயே கையைக் காட்டி மறித்தாராம். "எங்கடை அக்கான்ரை வீடும் அப்பிடித்தான் போனது. நாளைக்கே வாரும்."

அந்த நல்ல மனிதரிடம்தான் இலை வந்து வினை வைத்தது.

ஒரு காலை ரெயில் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் இலை விழுந்து வழுக்குகிறதாம், பொறுத்திருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணை பிந்திப்போய் அதையே முதலாளியிடம் சொன்னார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கு விசரோ காணும்? இலை விழுந்தால் ரெயில் நிக்குமோ? ஊரிலை யாழ்தேவி மாட்டை அடிச்சும் நிக்கேல்லை!"

"சத்தியமா அண்ணை, அப்பிடித்தான் சொன்னவை."

"நித்திரை கொண்டிட்டன் எண்டு சொல்லும், மன்னிக்கிறன். இலை, குழை எண்டு எனக்குக் கதை விடாதையும்."

அடுத்த கிழமையும் அதே கூத்து. இன்னொருமுறை இலை என்று வந்தால் வேலை இல்லை என்றுவிட்டார் முதலாளி. அண்ணை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினார். "என்னைப் பொய்யன் எண்டிட்டார் தம்பி! வயலுக்கால, வெள்ளத்துக்கால ஓடின ரெயிலைப் பார்த்த எனக்கு மட்டும் இதை நம்ப ஏலுமோ? இலைக்குப் பயப்பிடுற ரெயிலை இவங்கள் ஏன் செய்தவங்கள்?"

அப்பீல் விசாரணை நவம்பரில் வந்தது. எனக்கு அன்று ஷிப்ட் இல்லாததால் நானும் கூடப் போனேன். விடியவே புறப்பட்டோம். அண்ணை கடன் வாங்கிய கோட்டும் நெற்றியில் திருநீறுமாக ஜன்னலோரம் இருந்தார். பாதி வழியில் ரெயில் நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. இலைதான்.

அண்ணை எழுந்துவிட்டார். "இண்டைக்கோ! நாசமாய்ப்போன இலையே, இண்டைக்கோ!" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். ரெயில் அசையவேயில்லை.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அண்ணையின் வழக்கறிஞர் வசந்தமலர் விசாரணைக் கட்டட வாசலில் தவித்துக்கொண்டு நின்றாள். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான்.

"தங்கச்சி, எனக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை, மூச்சு வாங்க. "இலை எண்டால் ஆர் நம்புவினம்? பொய்யன் எண்டு முதல்லையே முடிவு கட்டிப்போடுவினம்."

"பேசாமல் வாங்கோ அண்ணை. உள்ளதைச் சொல்லுவம்."

உள்ளே நீதிபதிபோல் இருந்தவரிடம் அவள் இலையைச் சொன்னாள். அவர் சிரித்தார்! தானும் போன கிழமை அப்படி மாட்டிக்கொண்டதாகவும், எல்லா வருடமும் இதே தொல்லைதான் என்றும் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் தலையாட்டினார். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு வீட்டுக் கதை தொடங்கியது. இரவில் வந்தவர்கள் ஆமிக்காரர் என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீடு ஏன் எரியவில்லை? அண்ணை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிச் சொன்னார். வீட்டின் போட்டோ ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"போட்டோ எல்லாம் வீட்டுக்குள்ளைதான் இருந்தது" என்றார் அண்ணை.

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, தலையாட்டவுமில்லை.

முடிவு வந்த அன்று வசந்தமலர் பெற்றோல் ஸ்டேஷன் கடைக்கே போன் செய்தாள். அப்பீல் தள்ளுபடி. வீடு எரிந்ததாகச் சொன்னது நம்பத்தக்கதாக இல்லையாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிட, நான் ஓடிப்போனேன். நடந்ததையெல்லாம் கேட்ட செபஸ்தியாம்பிள்ளை கல்லாவை அடித்துச் சாத்தினார்.

"இலையை நம்பின மனிசன் இதை நம்பேல்லையோ? என்ன நியாயமடா இது!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கி, "போம் காணும், உள்ளை போய்க் கொழும்புக்கு எடும். எவ்வளவு நேரமெண்டாலும் கதையும்" என்றார்.

கடையின் பின்னறையில் அண்ணை போனைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் அருமைநாயகி அக்காவின் குரல் கேட்டது.

"அண்டைக்குப் பிந்திப் போனதாலேயோ அப்பா இப்பிடிச் செய்தவை?"

"இல்லையப்பா" என்றார் யோகராஜா அண்ணை. "அதை உடனை நம்பினவை."