பெட்டிக்குள் தேடிய குரல்

என் குரல் கேட்டால் என் மகள் என்னைத் தேடுகிறாளா, டேப் ரெக்கார்டரைத் தேடுகிறாளா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது. இன்னும் ‘அம்மா’ என்று சொல்லவில்லை.

நான் மேடையில் பாடுகிறவள். சினிமாப் பாட்டு இல்லை, கிறிஸ்தவப் பாட்டு. எழுபதுகளில் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஆங்கில டீச்சர் ஒருவர் சனிக்கிழமைகளில் கிடாரோடு வந்து பாடச் சொல்லிக்கொடுப்பார். படிப்பு முடிந்ததும் சபையின் வாலிபர் கூட்டங்களில் பாடத் தொடங்கினேன். அங்கே கிடார் வாசித்தவரையே மணந்துகொண்டேன். அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. எங்கள் பாட்டுகளைக் கட்டுவதும் அவர்தான். தமிழில் ஒரு சரணம், அதே மெட்டில் ஆங்கிலத்தில் ஒரு சரணம். ராசிபுரம், ஆத்தூர் என்று எங்கே போனாலும் எங்கள் குழுவை அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஆங்கிலச் சரணம் வந்ததும் கூட்டத்துக்கு வரும் விடுதிப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போடுவார்கள்.

“ஏம்மா, இது செபக் கூட்டமா, டூரிங் கொட்டாயா?” என்று சபைப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். அப்புறம் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கேசட் வெளிவந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், மறுபக்கம் அதே பாட்டுகள் ஆங்கிலத்தில். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். கைக்குழந்தையாக அவளை ஆத்தூர்க் கூட்டத்துக்குத் தூக்கிப்போனேன். பனியில் சளி பிடித்து, மூச்சு இழுத்து, பயந்துபோனோம். அதிலிருந்து அவளை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் போவது. குழந்தை அழுதால் அத்தை அந்தக் கேசட்டைப் போட்டுவிடுவார். அழுகை உடனே நின்றுவிடுமாம்.

“நீ பயப்படாம போய்ட்டு வா சாமி. உன்ற கொரலு ஊட்டுலயே இருக்குதல்ல? பொட்டி பாடுனா அவ கம்முனு தூங்கிப்போறா” என்பார் அத்தை. பொத்தான் அழுத்தக் கற்றுக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும் அப்போது அது பெரிய உதவியாகத்தான் இருந்தது. நான் இல்லாத நேரத்திலும் என் பாட்டிலேயே என் பிள்ளை தூங்குகிறாள் என்று கூட்டங்களில் சாட்சியாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வயது தாண்டியது. பேச்சு வரவில்லை. எங்கள் தெருக்கோடியில் இன்னொரு பட்டறை. நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழும். அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கேசட்டுக்குத் தூங்குவதும் வெறும் பழக்கம்தானோ, காதே கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பாடிப் பார்த்தேன். சட்டென்று எழுந்தாள். கேட்கிறது! அழுகையே வந்துவிட்டது எனக்கு. ஆனால் அவள் என் பக்கம் திரும்பவில்லை. தத்தித் தத்தி மேசைக்குப் போய், டேப் ரெக்கார்டரின் முகப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மா முட்டை கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க பாட்டுக்காரம்மா, ஊரூராப் போயி மைக்குல, இருக்கற பேச்சையெல்லாம் நீங்களே பேசித் தீத்துப்போட்டா, புள்ளைக்கு என்னங்க மிஞ்சும்?”

விளையாட்டாகத்தான் சொன்னார். அப்புறம் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவவும் சொல்லிக்கொடுத்தார். தடவினேன். ஜெபமும் செய்தேன். எதையாவது தப்பாகச் செய்கிறேனோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதில் குறை இல்லை என்றார். கேசட்டைப் பற்றிச் சொன்னதும், “வீட்டுல ரெண்டு பாஷையும் போட்டுக் குழப்புறீங்க. ஒண்ணை விட்டுடுங்க. பாட்டுலயும்தான்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் மடியில் தூங்கினாள். ராசிபுரம் தாண்டியதும் அவர், “அப்ப இங்கிலீஸை உட்டுரலாமா?” என்றார்.

“விட்டா அவ எதைங்க கேப்பா?” என்றேன்.

தமிழை எப்படி விட முடியும்? அது எங்கள் வீட்டுப் பேச்சு. அப்படியானால் ஆங்கிலத்தைத்தானே விட வேண்டும்? ஆனால் கேசட்டில் அவள் அசைந்து கேட்பது ஆங்கிலப் பக்கத்துக்குத்தான். அதில் விடியலைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அதற்கு மட்டும் ‘ம்ம்’ என்று கூடவே இழுப்பாள். அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கயிறு அதுவாக இருந்துவிட்டால்?

மறுநாள் மதியம் டேப் ரெக்கார்டரை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. “பச்சப் புள்ளைகிட்டருந்து புடுங்கி வெக்கறயே அம்மிணி” என்று முணுமுணுத்தார். மகளை எதிரில் உட்காரவைத்து, அதே விடியல் பாட்டின் தமிழ்ச் சரணத்தைப் பாடினேன். அவள் எழுந்து மேசைக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்தைத் தடவினாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவளுடைய உதடு கோணியது. நான் நிறுத்தவில்லை. பெட்டி இல்லாத மேசையைப் பார்த்துக்கொண்டே அவள் அழுத அழுகை இப்போதும் காதில் இருக்கிறது.

என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை மறந்து ஆங்கிலச் சரணத்துக்குப் போனேன். அழுகை நின்றது. மெல்லத் திரும்பினாள். நடந்து வந்து என் கழுத்தில் கையை வைத்தாள். பாட்டு அதிரும் இடத்தில், தொண்டைக்குழியில். சரணம் முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.

முடிந்ததும் என் மோவாயை விரலால் அழுத்திவிட்டு, “டக்” என்றாள்.

கேசட் ஓடி முடிந்ததும் பொத்தான் தானாக எழும்பும் சத்தம் அது. என் மகள் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

“பேசிட்டா! எஞ் சாமி பேசிட்டா!” என்று அத்தை அவளை வாரி எடுத்துக்கொண்டார். குரல் அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்தாளா? இல்லை, நானும் ஒரு பெட்டி என்று நினைத்துக்கொண்டாளா?

அதற்குப் பிறகு ஒரு மாதமாக, நான் பாடி முடித்தால் “டக்” என்கிறாள். வேறு சொல் இல்லை. கிறிஸ்துமஸ் கூட்டங்களுக்குக் குழு கிளம்புகிறது. முதல் கூட்டம் ஆத்தூரில். ஆங்கிலச் சரணம் பாட நான்தான் வேண்டும் என்கிறார்கள். நான் போனால் அத்தை பீரோவைத் திறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால், இனி என்னைக் கூப்பிடாமலே போகலாம்.

இதைப் படிக்கும் தாய்மார்களில் யாருக்காவது பேச்சுத் தாமதமான பிள்ளை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னபடி ஒரு பாஷையை விட வேண்டுமா? விட்டால், அவள் திரும்பிப் பார்த்த அந்தப் பாஷையையா விடுவது? இந்த வருடம் நான் போகலாமா, வீட்டில் அவள் எதிரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கட்டுமா? குழுவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.